பேங்க்ஸ் துரை வைத்த சூப்

1769, மார்ச் 3. நடுப் பசிபிக்கில் கேப்டன் குக்கின் எண்டவர் கப்பல். பக்கத்தில் ஒரு பெரிய கணவாய் செத்து மிதக்கிறது. பறவைகள் கொத்திக் குதறியது போக மிச்சம்தான். கப்பலில் ஜோசப் பேங்க்ஸ் இருக்கிறார்: வயது 26, கொழுத்த பணக்காரர், இயற்கை விஞ்ஞானி. உடனே அளந்து, படம் வரைந்து, ஸ்பிரிட்டில் போட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சூப் வைத்தார்.

பிரமாதமான சூப் என்று டைரியில் சர்டிபிகேட் வேறு! ஆனால் ஆள் சாப்பாட்டு ராமன் மட்டுமல்ல. கைகளில் உறிஞ்சிகளுக்குப் பதில் இரண்டு வரிசைக் கொக்கிகள் இருந்ததையும், பூனை நகம்போல அவை உறைக்குள் இழுத்துக்கொள்ளக் கூடியவை என்பதையும் கவனித்து எழுதிவிட்டார். வாயில் ஸ்பூன் இருந்தாலும் கண் வேலை செய்திருக்கிறது.

தப்பிய துண்டுகள் லண்டன் ஹன்டேரியன் மியூசியத்துக்குப் போயின. 1881-ல் ரிச்சர்ட் ஓவன் அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். யார் பெயரை? கேப்டன் குக் பெயரை! ரசித்துச் சாப்பிட்டவர் ஒருத்தர், பெயர் இன்னொருத்தருக்கு.

பேங்க்ஸுக்கு இது தெரிந்திருந்தால் தாங்கியிருப்பாரா? சந்தேகம்தான். 1772-ல் குக்கின் அடுத்த பயணத்துக்கு, தன் பரிவாரத்துக்காகக் கப்பலில் மேல்தளமே கட்டவைத்தவர் அவர். பரிவாரத்தில் கொம்பு ஊதுகிறவர்களும் உண்டு. கப்பல் தலை கனத்து ஆட, கடற்படை மேல்தளத்தைப் பிடுங்கிப் போட்டது. துரை கோபித்துக்கொண்டு, பயணமே வேண்டாம் என்று சாமான்களை இறக்கிவிட்டார்.

நல்லவேளை, அவருக்கும் ஒரு கணவாய் கிடைத்தது. 1816-ல் காங்கோ நதிக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் குழுவில் ஜான் கிரான்ச் என்பவர் கடல் பிராணிகளைச் சேகரித்தார். அந்தப் பயணத்திலேயே இறந்தும் போனார். சேகரித்ததற்குப் பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் வில்லியம் லீச். கரோலின் என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டே கடல் பூச்சிகளுக்கு வரிசையாகப் பெயர் சூட்டிய மனிதர். (யார் அந்தக் கரோலின் என்று கேட்டு வம்பு வளர்க்காதீர்கள்.) ஒரு சின்னக் கொக்கிக் கணவாயை அவர் 1817-ல் பேங்க்ஸுக்கு எழுதிவைத்தார். இன்று அதன் பெயர் ஒனிகோட்யூதிஸ் பேங்க்ஸியை. பிடித்த கிரான்ச்சுக்கு? கொக்கியே இல்லாத, உப்பிய கண்ணாடிக் கணவாய்!

பேங்க்ஸ் பெயர் வாங்கிய கணவாய் குட்டி ஜேம்ஸ் பாண்ட். எட்டுக் கைகளில் சாதாரண உறிஞ்சிகள்தான். கொக்கிகள் இருப்பது நீண்ட இரண்டு உணர்கொம்புகளின் நுனியில். உறிஞ்சியின் விளிம்பு வளையம் வளர்ந்து வளைந்து உருவான கொக்கி அது. கண்ணுக்கு அடியில் விளக்கு. அதுவும் போதாதென்று குடலிலும் இரண்டு பல்பு! துரத்தினால் தண்ணீரைவிட்டு எகிறிப் பறக்கும். இந்த இனத்துக் கணவாய்கள் கப்பல் டெக்கில் தாமாக வந்து விழுவதுண்டு. சூப்புக்கு வலைகூட வேண்டாம்.

எந்தக் கடலில் இந்த ஜாடையில் எது சிக்கினாலும் பேங்க்ஸ் பெயரையே ஒட்டினார்கள். சாயல் இருந்தால் போதும், சொந்தக்காரன்! இப்படியே துரை ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு உலகக் கடல்களை ஆண்டார். பிறகு ஆக்லாந்தில், ஏயூடி பல்கலைக்கழகத்தில், காட் போல்ஸ்டாட் என்ற பெண் விஞ்ஞானி உட்கார்ந்து கொக்கி கொக்கியாகப் பார்த்தார். பசிபிக்கில் இருப்பவை வேறு இனங்கள் என்று பிரித்தார். 2010-ல் அவருடைய பெரிய ஆய்வு வெளிவந்தபோது, துரையின் கணவாய்க்கு மிஞ்சியது அட்லாண்டிக் மட்டும்.

தாஹிட்டி, நியூசிலாந்து என்று சுற்றிவந்த பேங்க்ஸ் பெயரில் இப்போது பசிபிக்கில் ஒரு சென்ட் பட்டாகூடக் கிடையாது.