கட்டிய காசு

சுவிட்சர்லாந்துக்குப் போய்வந்த கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் மலையைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் பாஸைப் பற்றிப் பேசுவார். இந்த இரண்டாமவரைத்தான் பாஸ்காரர் என்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஒரு வாழையிலைக் கடையில் அவரை மடக்கி, “யூங்ஃபிராவ் எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். “மேலே வரைக்கும் பாஸ் செல்லாது. வெங்கன் வரைக்கும்தான். அதுக்கு மேல இருபத்தஞ்சு விழுக்காடு கழிவு” என்பார். ஜெனீவா ஏரி? “கப்பல் ஃப்ரீ.” பெர்ன்? “டிராம் ஃப்ரீ.” அந்த ஊரின் புகழ்பெற்ற கரடிகளைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு செய்தியும் இருக்காது. கரடிப் பூங்காவுக்கு யாருக்குமே கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமான ஒன்றில் பாஸ்காரர் வெல்வதற்கு என்ன இருக்கிறது?

ஆளை அடையாளம் காண்பது எளிது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும்; இபிஎஃப் பணம் கைக்கு வந்திருக்கும்; பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். இடுப்பில் ஒரு பை. அதற்குள் பாஸ்போர்ட், பெனடோல், ஒரு சின்ன நோட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள். அந்தத் தாள்தான் சுவிஸ் டிராவல் பாஸ். கைப்பேசியிலும் அது இருக்கிறது, மனைவியின் கைப்பேசியிலும் இருக்கிறது, கிள்ளானில் மகனின் மின்னஞ்சலிலும் இருக்கிறது. ஆனாலும் தாள் தாள்தான். பெட்டியில் பாபாஸ் கறித்தூள், மைலோ பாக்கெட், நெத்திலிச் சம்பல். மனைவிக்கு இது சுற்றுலா, அவருக்குத் தணிக்கை.

அவரைக் கவிழ்ப்பது பாஸின் விலைப்பட்டியல். 2024-இல் இரண்டாம் வகுப்புக்கு 3 நாள் பாஸ் 244 பிராங்க், 8 நாள் 419, 15 நாள் 459. நம் வெள்ளிக்குக் கடைசி விலை இரண்டாயிரத்தைத் தாண்டும். சாதாரண மனிதர் இந்தப் பட்டியலைப் பார்த்துத் தமக்கு எத்தனை நாள் வேண்டும் என்று யோசிப்பார். பாஸ்காரர் கண்ணில் படுவது எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே உள்ள வெறும் 40 பிராங்க். நாற்பது பிராங்குக்கு ஏழு நாள்! விடுவாரா? 15 நாள் பாஸை வாங்கிவிட்டு, அந்த ஏழு நாளுக்கும் சேர்த்து ஓட்டல் அறை பிடிக்கிறார். சுவிட்சர்லாந்தில் ஓர் இரவு அறை வாடகையே 40 பிராங்கைப் பலமுறை விழுங்கும் என்பது அவருடைய நோட்டில் வராது. ஓட்டலுக்குப் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாத இடத்தில் அவர் கணக்குப் பார்ப்பதும் கிடையாது.

பிறகு தொடங்குகிறது ஓட்டம். காலை ஆறு மணிக்கு ஜூரிக், எட்டுக்குள் லூசெர்ன், மதியம் இன்டர்லாக்கன், மாலை மோந்த்ரோ, இரவு மறுபடி ஜூரிக். ஒவ்வொரு ரயிலிலும் உட்கார்ந்ததும் அந்தத் தூரத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று கைப்பேசியில் பார்த்து நோட்டில் குறிக்கிறார். கோத்தார்ட் மலையடிச் சுரங்கம் 57 கிலோமீட்டர்; 2016-இல் திறந்தது. அதற்குள் இருபது நிமிடம் கும்மிருட்டு. இருட்டுக்கும் சேர்த்துத்தான் விலை எழுதிக்கொள்கிறார். ரிகி மலைக்குப் பாஸில் இலவசம் என்பதால் இரண்டு முறை ஏறுகிறார். எதிரே தெரியும் பிலாட்டஸுக்குப் பாதிக் கட்டணம் என்பதால், ரிகி உச்சியில் நின்றே அதையும் பார்த்து முடித்துவிடுகிறார். பாஸைக் காட்டினால் 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் நுழையலாம். ஜூரிக் ரயில் நிலையத்துக் கழிவறைக்குக் காசு, பக்கத்துத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பாஸ் போதும் என்று கண்டுபிடித்த அன்று, சுவிஸ் வரலாற்றின்மேல் அவருக்கு ஓர் ஆர்வம் பிறக்கிறது. “என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் சும்மா உக்காருவோமே” என்று மனைவி கேட்டால், “சும்மா உக்காந்தா ஒரு நாளைக்கு முப்பது பிராங்க் போகுதும்மா” என்று பதில் வரும். வகுத்துப் பார்த்தால் கணக்கு சரிதான்.

அவருடைய ஒரே மனக்குறை, பாஸை யாரும் கேட்பதில்லை என்பது. சுவிஸ் ரயில் நிலையங்களில் நம் எல்ஆர்டி மாதிரி தடுப்புக் கதவு கிடையாது. நேராக ஏறி உட்கார வேண்டியது. பரிசோதகர் வந்தால் வருவார், வராவிட்டால் இல்லை. பரிசோதகர் வராமல் ரயில் போய்ச் சேர்ந்துவிட்டால், ஏமாற்றாமலே ஏமாற்றிவிட்டது போல ஒரு சங்கடத்தோடு அவர் இறங்குகிறார்.

இதையெல்லாம் பார்த்து ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: கஞ்சப்பிசினாரி. கட்டிய காசு போனது போனதுதான், ரயிலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் திரும்பாது; அதைத் துரத்தி ஓடுகிறவர் நாட்டைப் பார்ப்பதில்லை, பாஸைத்தான் பார்க்கிறார் என்று பொருளாதாரம் படித்த மருமகன் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கூட்டுத்தொகை 459-ஐத் தாண்டுகிறது. “போட்ட காசு எடுத்தாச்சு” என்று அறிவித்து நோட்டை மூடிப் பைக்குள் வைக்கிறார். கஞ்சத்தனம்தான் அவரை ஓட்டியது என்றால் அன்றோடு ஓட்டம் நின்றிருக்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மறுபடியும் நடைமேடையில் நிற்கிறார், நோட்டு இல்லாமல். வாழையிலைக் கடையில் மூன்றாம் முறை சோறு வாங்குகிறவர் கொடுத்த காசை முதல் முறையிலேயே எடுத்துவிட்டார். மூன்றாவது முறை அவர் வாங்குவது ரசத்துக்காக. காசு வெறும் சாக்கு. வீட்டில் சும்மா உட்கார்ந்து பழகாத, ஆனால் ஊர் சுற்றுவதை ஆடம்பரம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு, ஆசைப்பட்டு ரயில் ஏறினேன் என்று சொல்ல வாய் வராது. நட்டம் வரக்கூடாதே என்று ஏறினேன் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கனம்தான் நோக்கம் என்றால் அரைக்கட்டண அட்டை இருக்கிறதே என்று மருமகன் விடமாட்டார். ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான டிக்கெட்டுகள் பாதி விலை. அளவாகப் பயணம் செய்கிறவருக்குப் பாஸைவிட அதுதான் லாபம். உண்மை. ஆனால் பாதி விலையும் விலைதானே. அந்த அட்டையோடு போகும் பாஸ்காரரைக் கற்பனை செய்து பாருங்கள்: ஒவ்வொரு நிலையத்திலும் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்று, பிராங்கை வெள்ளியாக மாற்றி, பெருமூச்சு விட்டு, மனைவியைப் பார்த்து, ஓட்டலுக்கே திரும்பிவிடுவார். கேள்வியே எழாமல் செய்வதுதான் பாஸ். ஒருமுறை வலித்துக் கட்டியாகிவிட்டது. இனி எந்த ரயிலும் அவரிடம் காசு கேட்காது. அதனால்தான் அறிவாளிகள் போகாத இடத்துக்கெல்லாம் அவர் போகிறார். பெர்னினா விரைவு ரயிலுக்குப் பாஸ் செல்லும், ஆனால் இருக்கைப் பதிவுக்குத் தனிக் காசு. கட்டுவாரா? மாட்டார். அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின்மேல் ஓடும் சாதாரண வட்டார ரயிலில் ஏறுகிறார். அதற்குப் பதிவு தேவையில்லை. விரைவு ரயிலில் இருப்பவர்கள் திறக்க முடியாத பெரிய கண்ணாடி வழியாகத் தங்கள் முகத்தின் நிழலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் சன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டுகிறார். கடல்மட்டத்துக்கு மேலே 2,253 மீட்டரில் உள்ள ஒஸ்பிட்சியோ பெர்னினாவிலிருந்து, ரயில் புருசியோவில் வட்டப் பாலத்தில் தன்னையே சுற்றிக்கொண்டு, இத்தாலிக்குள் 429 மீட்டரில் இருக்கும் திரானோவில் இறங்குகிறது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பாதை. பனியும் பலாப்பழமும் போல வேறுபட்ட இரண்டு தட்பவெப்பத்தை ஒரே மதியத்தில் பார்த்ததற்குக் காரணம், பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடித்ததுதான்.

ஜூரிக் நகர ரயில் எஸ்4 வழியில் ஆட்லிஸ்வீல் என்று ஓர் ஊர். அங்கே சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. சுற்றுலாக் கையேட்டைப் பார்த்துப் போகிறவர் அங்கே போகமாட்டார். டிக்கெட் வாங்கிப் போகிறவருக்கும் அவ்வளவு தூரம் எதற்கு என்று தோன்றும். பாஸ்காரர் போகிறார், ரயில்தான் சும்மா போகிறதே! யாழ்ப்பாணத் தமிழில் நாலு வார்த்தை பேசி, முருகனைக் கும்பிட்டு வருகிறார். பத்து நாளில் ஆறு நாடு காட்டும் பேருந்துச் சுற்றுலாவுக்குப் போனவர்கள் இவரைவிட அதிகம் பார்த்தார்கள் என்று வாதிப்பவர்களும் உண்டு. அவர்கள் பார்த்ததில் பாதி, நெடுஞ்சாலைக் கழிவறை.

இனி வருவதுதான் கடினமான ஆட்சேபம். இவ்வளவு ரயில் பித்து உள்ளவர் ஊருக்குத் திரும்பியதும் என்ன செய்கிறார்? பெட்டியை வைத்துவிட்டு மைவி சாவியை எடுக்கிறார். கேஎல் சென்ட்ரலிலிருந்து மிட்வேலி, கொமியூட்டரில் ஒரே நிறுத்தம். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் பாஸ்காரர் அங்கே காரில் போய், கார் நிறுத்த இடம் தேடி மூன்று மாடி சுற்றிவிட்டு, அங்கே நிறுத்தவும் காசு கட்டிவிட்டு வருகிறார். அவருடைய தாத்தாவோ ரயில்வேக்காரர். இந்தப் பேட்டையை வளர்த்ததே ரயில்வேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ‘நூறு வீடு’ குடியிருப்பில் தமிழ்நாட்டுக்காரரும் இலங்கைத் தமிழரும் வரிசையாக வாழ்ந்தார்கள், அந்த வீடுகள் இடிபடும் வரை. ரயில்வே உத்தியோகஸ்தருக்கு இலவசப் பயணப் பாஸ் என்பது சம்பளத்துக்குச் சமமான கௌரவம். அந்த வம்சத்தில் வந்தவர் ஒரு நிறுத்தத்துக்குக் கார் எடுக்கிறார் என்றால், சுவிஸ் பித்தெல்லாம் வெளிநாட்டு மோகம்தான் என்று சொல்லிவிடலாம்.

சோம்பல் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. மழையும் இருக்கிறது. ஆனால் இரண்டு பாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. நம்மிடம் பாஸ் இல்லாமல் இல்லை. 2019-இல் ராபிட் கேஎல்லுக்காக மை100, மை50 என்று மாதப் பாஸ்கள் இரண்டு வந்தன. பிறகு ரயிலும் பஸ்ஸும் சேர்த்தே 50 வெள்ளிக்குக் கிடைக்கும்படி ஆனது. 30 நாளுக்கு 50 வெள்ளி, அதாவது ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி 67 காசு. சுவிஸ் பாஸ் அந்த நாட்டுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டும், நம் பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் என்பதால், இரண்டையும் வாங்கும் பாக்கியம் பெற்றவர்களில் நம் பாஸ்காரரும் ஒருவர். ஆனால் கிள்ளானுக்கு ஓடும் கொமியூட்டர் கேடிஎம்முக்குச் சொந்தம்; எல்ஆர்டியும் எம்ஆர்டியும் ராபிட் கேஎல். மை50 ராபிட் கேஎல்லுக்கென்று பிறந்ததால், கிள்ளானில் ஏறுகிறவருக்கு அது கேஎல் சென்ட்ரலில்தான் கண் திறந்தது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட முதல் ரயில் புக்கிட் கூடாவோடு நின்றுவிட்டது. கிள்ளானுக்குப் போக அங்கிருந்து ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கட்டி ரயில் கிள்ளானை எட்டியது 1890-இல். நடுவழியில் இறங்கி வேறொருவர் கைக்கு மாறும் வழக்கத்துக்கு நம் பள்ளத்தாக்கில் வயது அதிகம்.

சுவிட்சர்லாந்தில் கம்பெனிகள் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 250 போக்குவரத்து நிறுவனங்கள் ஒரே கட்டண ஏற்பாட்டில் சேர்ந்திருக்கின்றன. பெர்னினா ரயில் தேசிய ரயில்வேயுடையது அல்ல, ரேட்டிய ரயில்வேயுடையது. லூசெர்ன் ஏரிக் கப்பல் இன்னொருவருடையது. மஞ்சள் பஸ் தபால் துறையின் குடும்பம். பதினைந்து நாள் அங்கே சுற்றியும் பாஸ்காரருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவர் கையிலிருந்த தாள் யாருடைய வண்டி என்று அவரைக் கேட்கவே இல்லை. இங்கே கேட்கிறது. பணக்கணக்கைவிட இந்தக் கேள்விதான் அவரை மைவிக்குள் தள்ளுகிறது. நோட்டும் பையுமாக நாள் முழுக்க ரயிலில் அலையத் தயாராக இருக்கும் ஒரு மனிதரைக் காரில் உட்காரவைத்தது நம் சாமர்த்தியம்.

ஆகவே ஐரோப்பா கிளம்புகிற பாஸ்காரரைத் தடுக்க வேண்டாம். 15 நாள் பாஸ் வாங்குமுன் ஓட்டல் விலையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அது போதும். அமைச்சரிடம் கேட்க வேண்டியது வேறு: கொமியூட்டர், எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும்படி, கிள்ளான் துறைமுகம் முதல் காஜாங் வரைக்கும் ஒரே பாஸ். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கட்டிய காசை எடுப்பதற்காகவாவது நம்மவர்கள் ஏறிவிடுவார்கள்.