கைமுறுக்கின் பகுப்பு பற்றிய விசாரணை

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டியில் அரிசிமாவை விரல்களாலேயே முறுக்கிச் சுற்றி எண்ணெயில் இடும் கைமுறுக்கை எந்தப் பகுப்பில் அடக்குவது என்னும் பிரச்சினைக்கு, அதற்குரிய கௌரவம் சாஸ்திர உலகில் இதுகாறும் கிட்டாமையால், அக்குறையை ஒருவாறு நீக்கவே இவ்விசாரணை எழுந்தது.

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில், பக்கத்தின் அடியில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எவரும் எப்பெயரையும் பகுப்பாக எழுதலாம். இயந்திரமோ விவேகமற்றது, ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அதற்கு அது வேறு பகுப்பே. ஆகவே ஒருவர் 'சேலம் மாவட்டப் பேரூராட்சிகள்' என்றும், இன்னொருவர் 'சேலம் மாவட்டத்திலுள்ள பேரூராட்சிகள்' என்றும், இலக்கணத்தில் அத்தனை சிரத்தையில்லாத மூன்றாமவர் பகர ஒற்றை விழுங்கியும் எழுதுவாராயின், ஒரே ஊர் மூன்று வீடுகளில் குடியிருக்க நேரும்.

இவ்வனர்த்தத்தைத் தணிக்க வந்த உபகருவியே ஹாட்கேட். ஜெர்மானியரான மாக்னஸ் மான்ஸ்கே முதலில் இயற்றிய இந்நிரல், பகுப்புகளின் அருகே கூட்டல், கழித்தல், இரண்டும் கலந்த மாற்றற்குறி ஆகியவற்றை நிறுத்தி, முதற்சில எழுத்துகளைத் தட்டிய மாத்திரத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்களை வரிசையாகக் காட்டும். நம் மொழியில் உருபும் சந்தியும் சொல்லின் ஈற்றில் வந்து சேர்வனவாதலால், மேற்சொன்ன மூவரும் 'சேலம் மாவட்ட' என்பது வரையில் பூரண ஒற்றுமையுடனேயே இருக்கிறார்கள். கலகம் மூளுமுன் கருவி குறுக்கே புகுந்துவிடுகிறது. 'ஆட்டயாம்பட்டி' என்று தொடக்கத்திலேயே ஐகாரத்தைக் கைவிட்டவருக்கு மட்டும் அது யாதும் செய்வதற்கில்லை.

இனிச் சித்தாந்தம். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1933இல் வெளியிட்டுப் பின்னர் விரித்த தம் கோலன் பகுப்பு முறையில் எப்பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களால் அறியலாமென வகுத்தார். அவ்வாறே நோக்கின், ஆளுமை கைமுறுக்கு, பருப்பொருள் அரிசிமாவு, ஆற்றல் விரலின் சுழற்சி. இடத்தில் சற்றுச் சிக்கல் உண்டு. 1997 ஜனவரி 1இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது ஆட்டையாம்பட்டி சேலத்திலேயே தங்க, அருகிலுள்ள வெண்ணந்தூர் அப்பால் போயிற்று; மாற்றற்குறி அன்றே இருந்திருந்தால் அதற்கு ஓய்வொழிச்சல் இருந்திராது. காலமோ, பொட்டலம் பிரிப்பதற்கும் தீர்வதற்கும் இடையிலுள்ள அற்ப அவகாசமாதலின், அளக்கத்தக்கதன்று.

எனினும் பிரதான ஆக்ஷேபம் நிற்கிறது: ஆட்டையாம்பட்டியின் கீழ் முறுக்கா, முறுக்கின் கீழ் ஆட்டையாம்பட்டியா? வெளியூரார் பலர் முறுக்கைக் கொண்டே ஊரை அறிதலின் பின்னதற்கும் நியாயமுண்டு. இரண்டையும் ஒன்றனுள் ஒன்றாக அடைத்தாலும் விக்கியின் மென்பொருள் தடை சொல்வதில்லை. இப்படிச் சுழன்று தன்னிடமே திரும்பும் பகுப்பைத் தூய்மைவாதிகள் தோஷம் என்பர். பண்டமே சுருண்டு கிடக்கும்போது பகுப்பு மாத்திரம் நேராக இருக்கவேண்டும் என்பது என்ன தர்க்கம்? உடன்படாதார் கழித்தற்குறியை அழுத்தட்டும். பக்கத்திலேயே கூட்டற்குறியும் இருக்கிறது.