அடைப்புக்குறி புகுந்த வரலாறு: தொடக்கநிலை டுடோரியல்களில் பாடபேதங்கள்

தொடக்கநிலை டுடோரியல் என்பது, ஒரு நிரல்மொழியை அறிந்தவர் அறியாதவருக்காக எழுதி, அந்த மொழி மாறிய பிறகும் மாறாமல் நிற்கும் நூல்வகை. மூலம், பிற்காலத்தார் செய்த இடைச்செருகல், யாரும் தொடாமல் விட்ட பகுதி என மூன்று அடுக்குகள் அதில் காணப்படும். மூன்றாவதே அளவில் பெரியது.

இவ்வகையின் ஆதிநூலாகப் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலைக் கொள்ளலாம். அதன் முதல் புரோகிராம் ‘ஹலோ, வேர்ல்டு’ என்று அச்சிடும், வேறெதுவும் செய்யாது. அப்படியிருந்தும் அது திருத்தத்துக்குத் தப்பவில்லை. 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நூலாசிரியர்களே அதன் தலையில் ஓர் ‘இன்க்ளூட்’ வரியைச் சேர்த்தார்கள். ‘மெயின்’ எவ்வகை மதிப்பைத் தரும் என்பதை அப்போதும் எழுதவில்லை. எழுதாவிட்டால் முழு எண் என்று கம்பைலர் எடுத்துக்கொண்டது. 1999-ஆம் ஆண்டுத் தரநிலை இந்தச் சலுகையை நீக்கியது. அதன் பிறகும் கம்பைலர்கள் முணுமுணுத்துக்கொண்டே அனுமதித்தன. 2024-இல் வந்த ஜிசிசி 14, பிழை என்று சொல்லித் தள்ளிவிட்டது. வாழ்த்துச் சொல்வதைத் தவிர வேறு வேலையில்லாத ஒரு புரோகிராம் உரைகாரர்களுக்கு 46 ஆண்டுகள் வேலை கொடுத்திருக்கிறது.

பாடபேத ஆய்வாளருக்கு உண்மையான விளைநிலம் பைத்தான். அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பை 2015-இல் கைவிடுவதாக இருந்து, பிறகு 2020 ஜனவரி 1 வரை தவணை கொடுத்தார்கள். இரு பதிப்புகளும் பதினோராண்டு ஒரே வீட்டில் குடியிருந்ததால், அக்காலத்து டுடோரியல்களில் எது மூலம், எது செருகல் என்று பிரித்தறிய முடிவதில்லை.

பிழைகள் இருவகை: சத்தமிடுபவை, சத்தமிடாதவை. முதல் வகைக்குப் ‘பிரிண்ட்’ தலைமகன். இரண்டாம் பதிப்பில் அது அடைப்புக்குறி தேவைப்படாத கட்டளை. மூன்றாம் பதிப்பில் அது ஃபங்ஷன், அடைப்புக்குறி கட்டாயம். பழைய வரியை ரன் செய்தால் பைத்தானே அடைப்புக்குறி விடுபட்டதைச் சுட்டி, இப்படி எழுத நினைத்தீர்களா என்றும் கேட்கிறது. இவ்வளவு பரிவான பிழையைப் பற்றித்தான் உரைகாரர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள். எளிதாகக் கிடைக்கும் பிழையில் புலமை காட்டுவது எல்லாத் துறையிலும் உள்ள வழக்கமே.

சத்தமிடாத பிழையின் இயல்பு வேறு. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய பைத்தான் 3 என்றது, புதியது 3.5 என்கிறது. இரண்டும் எரர் காட்டுவதில்லை. பட்டியலின் நடு உறுப்பைக் கண்டுபிடிக்கும் புரோகிராமில் இந்த 3.5 போய் நின்றால், பத்து வரி தள்ளி, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் சண்டை வெடிக்கும். இதைவிட விஷமமானது ‘இன்புட்’. இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் பயிற்சி எல்லா டுடோரியல்களிலும் உண்டு. பழைய பைத்தான், தட்டியதைக் கணக்காகவே எடுத்துக்கொண்டு 2-உம் 3-உம் சேர்ந்தால் 5 என்றது. புதியது தட்டியதையெல்லாம் எழுத்துச்சரமாகக் கொள்வதால் 23 என்கிறது. தொடக்கநிலை மாணவர் இந்த 23-ஐ வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் கணித அறிவின் மேல் ஐயம் கொள்கிறார். டுடோரியலின் மேல் கொள்வதில்லை.

தமிழ் எழுத்துச்சரத்தில் பேதம் உச்சத்தை எட்டுகிறது. ‘வணக்கம்’ என்பதன் நீளம் என்னவென்று பழைய பைத்தானிடம் கேட்டால் 21 என்னும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பது அதன் கணக்கு. அதையும், கோப்பின் தலையில் குறியாக்கத்தை அறிவித்தால்தான் சொல்லும். புதிய பைத்தான் 7 என்னும். அது புள்ளியைத் தனியாக எண்ணுகிறது. தொல்காப்பியம் படித்தவர் 5 என்பார். ஓப்பன்-தமிழ் நூலகத்தை நிறுவி எழுத்தெழுத்தாகப் பிரித்தால் கணினியும் 5-க்கு வந்து சேரும். இந்தப் பகுதியைத் திருத்த வருபவர் 21-ஐ அடித்து 7 என்று எழுதிவிட்டு, ‘நீளம் என்பது எழுத்துகளின் எண்ணிக்கை’ என்ற கீழ்வரியை அப்படியே விட்டுவிடுவார். முன்பு விடை மட்டும் வியப்பாக இருந்தது. இப்போது விளக்கமும் விடையும் நம்பும்படி அருகருகே நின்று பொய் சொல்கின்றன.

இது உரைகாரர்களின் பொதுக்குணம். நிரலைத் தொடுவார்கள், அதைச் சுற்றியுள்ள வாக்கியங்களைத் தொடமாட்டார்கள். ஓரக்குறிப்பாளர், ‘பைத்தான் 3 எனில் அடைப்புக்குறி இடுக’ என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு மறைந்துவிடுவார். விருத்தியுரைகாரர் இதற்கு நேர் எதிர், டைப் குறிப்பு, தனிச்சூழல் அமைப்பு, 2016-இல் 3.6 பதிப்போடு வந்த எஃப்-ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் முன்னால் நிறுத்தி, முதல் வணக்கத்தை ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார். ஓரக்குறிப்பாளரால் வரும் சேதம் குறைவு.

திருத்தும் வேலையை இயந்திரத்திடம் விட்டுப் பார்த்ததும் உண்டு. டூ-டு-த்ரீ என்ற கருவி பைத்தானோடு சேர்ந்தே வந்தது. பழைய ‘பிரிண்ட்’ வரிக்கு அது ஒழுங்காக அடைப்புக்குறி போடும். ஏற்கெனவே ஒருவர் கையால் திருத்திய வரியில் இரண்டு சொற்கள் இருந்தால், அவற்றை ஒரே பொருளாகக் கருதி இன்னொரு ஜோடி அடைப்புக்குறியைப் போட்டுவிடும். பழையதைப் புதுப்பிக்கவே பிறந்த அக்கருவி தானும் பழையதாகி, 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் நீக்கப்பட்டது.

டுடோரியலைக் கணினிக்கேற்ப மாற்றாமல், கணினியை டுடோரியலுக்கேற்பக் கீழே இறக்கும் மாற்று மரபு ஒன்றும் இருக்கிறது. இந்தியக் கல்லூரி லேபுகள் பல அதைப் பேணி வந்தன. சி++ மொழிக்கு 1998-இல் தரநிலை வந்து, ‘ஐஓஸ்ட்ரீம்’ தன் வாலில் இருந்த ‘.ஹெச்’சை இழந்தது. அதன் பிறகும் ரெக்கார்டு நோட்டுகளில் ‘வாய்டு மெயின்’, ‘கோனியோ.ஹெச்’, திரையைத் துடைக்கும் ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’ ஆகியவை குறைவின்றி வாழ்ந்தன. 64-பிட் விண்டோஸ் பழைய டர்போ சி++ஐ ஏற்க மறுத்தபோது, டாஸ்பாக்ஸ் என்ற பாவனைக் கணினியை விண்டோஸுக்குள் நிறுவி, டர்போவின் நீலத்திரையை மீட்டெடுத்தார்கள். பாடபேதத்தை அறவே ஒழித்த முறை இது ஒன்றுதான்.

வாசகரைப் பொறுத்தவரை, நன்னூல் மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை வகுத்து, கற்பித்ததை மட்டும் சொல்லும் கிளியை நடுத்தரத்தில் வைத்தது. டுடோரியலை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்பவர் அந்தக் கிளி. நகலெடுத்து ஒட்டுபவருக்கு அதில் இடமில்லை. வேர்டு கோப்பு வளைத்துவிட்ட மேற்கோள்குறியையும் சேர்த்து ஒட்டி, எல்லாப் பதிப்புக்கும் பொதுவான ஒரு பிழையை உண்டாக்கும் பெருமை இவருடையது.

எஞ்சியிருப்பது காலக்குறிப்பு. ‘இது சமீபத்திய பதிப்புக்கானது’ என்ற வரியால் ஆய்வாளருக்குப் பயனில்லை, ‘3.12-இல் சோதித்தது’ என்றால் பயனுண்டு. 3.9 முதல் பைத்தான் ஆண்டுக்கொரு முறை, அக்டோபரை ஒட்டி, புதுப்பதிப்பை வெளியிடுகிறது. ஆகவே முதல் வரியின் ஆயுள் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். செப்டம்பரில் எழுதியிருந்தால் சில வாரம்.