கேமரன் மலையில் கறிச்சட்டி கழுவுதல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கேமரன் மலையைப் பற்றி எழுதிய பெருமக்கள், 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் வந்து போனதை எழுதினார்கள். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதை எழுதினார்கள். 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் உலாவப் போய்த் திரும்பாததைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இவ்வளவு பேரும் தேநீர் குடித்த பிறகு அந்தக் கோப்பைகளை யார் கழுவினார்கள், எதைப் போட்டுக் கழுவினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. அவ்விடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம் என்க.

ஆய்வுக் களம் ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரையிலான தமிழ்ச் சமையலறைகள். ஆய்வுப் பொருள் தீபாவளிக்கு மறுநாள் காலையில் கிடக்கும் ஆட்டுக்கறிச் சட்டி. இந்தத் தேர்வு தற்செயலானது அன்று. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவுக் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். நெய் இளகவே 30 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரியைத் தாண்டினாலும் யோசித்துத்தான் உருகும். கீழே கிள்ளான் வெக்கையில் எண்ணெயாவது உறையாது; ஊறப்போட்டுவிட்டுத் தூங்கலாம். இங்கே விடிந்து பார்த்தால் சட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டியிருக்கும்; நகத்தால் சுரண்டினால் நகத்துக்குள் போய் உட்காருமே தவிர, சட்டியை விடாது.

இவ்வளையத்தை வீட்டிலேயே செய்த இயற்கைச் சோப்பால் நீக்குவது எப்படி என்பதில் அறிஞர்கள் நான்கு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள்.

மூத்தது சாம்பல் கட்சி. லயத்து வீடுகளில் விறகடுப்பு எரிந்த காலத்தில் ஆட்சியில் இருந்தது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் எண்ணெயில் கொஞ்சத்தைச் சோப்பாகவே மாற்றும். மீதியைச் சாம்பலின் நறநறப்பும் தேங்காய் நாரும் பார்த்துக்கொள்ளும். தேநீர்க் கோப்பையின் அடியில் படிகிற பழுப்புக் கறைக்கு இன்றும் இதற்கு ஈடில்லை. கேஸ் அடுப்பு வந்தது, கட்சி கவிழ்ந்தது.

அடுத்தது கொட்டைக் கட்சி. பத்துப் பதினைந்து பூவந்திக்கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை இரவு ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்ட வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் கூடுதலாக ஐந்து நிமிடம் வேண்டும் என்பர் ஒரு சாரார். வேண்டா என்பர் பிறிதொரு சாரார். சாறு ஒரு வாரத்துக்குள் கெட்டுவிடும் என்பதில் இரு சாராரும் ஒன்று. நுரைக்குக் காரணம் சபோனின் என்னும் பொருள். ஈண்டு ஒரு வேடிக்கை நோக்கத்தக்கது: அதே சபோனின் தேயிலை விதையிலும் நிறைய உண்டு. சீனத்தில் எண்ணெய் ஆட்டியெடுத்த தேயிலை இனப் பிண்ணாக்கால் பாத்திரமும் தலைமுடியும் கழுவியிருக்கிறார்கள். இறால் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லவும் அதையே போடுகிறார்கள். மலை முழுக்கத் தேயிலைச் செடி நின்றும் நமக்கு ஒரு கைப்பிடி விதை கிடைப்பது அரிது. கொழுந்து கிள்ளியும் கவாத்து வெட்டியும் இடுப்பளவில் நிறுத்திய செடி எங்கே பூத்து, எங்கே காய்ப்பது?

மூன்றாவது நொதிக் கட்சி. மலேசியாவில் இதற்குத்தான் கூட்டம் அதிகம். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை: சர்க்கரை ஒரு பங்கு, காய்கறி பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் மூடி வைப்பது. முட்டைக்கோஸ் விளையும் மலையில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. முதல் மாதம் அடிக்கடி மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். மறந்த வீடுகளில் நொதி கூரையைக் கழுவியிருக்கிறது. கிடைப்பது பெரும்பாலும் ஒரு புளிக்காடி. கறைக்கு நல்லது, கொழுப்புக்கு அவ்வளவு போதாது. போதவில்லை என்று அதில் சோப்பைக் கரைப்பவர்களும் உண்டு. புளிப்பு பட்டதும் சோப்பு மறுபடியும் கொழுப்பு அமிலமாகப் பிரிந்து மிதக்கும். கொழுப்பைக் கழுவப் போய்க் கொழுப்பைச் சேர்த்த கதை அது.

நான்காவது, பீசாங் கோரேங் என்னும் வாழைப்பழப் பலகாரம் பொரித்த எண்ணெயில் சோப்பு காய்ச்சும் கட்சி. ஒரு கிலோ பாமாயிலுக்குச் சுமார் 140 கிராம் காஸ்டிக் சோடா. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகாது, கையுறை கட்டாயம், வில்லை போட்டபின் நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும். நால்வரில் முறையாகச் சோப்பு செய்பவர் இவர் ஒருவரே. ஆனால் காஸ்டிக் சோடா ஆலையிலிருந்து வருவதால் மற்ற மூவரும் இவரைப் பந்தியில் சேர்ப்பதில்லை.

இனி என் கண்டுபிடிப்பு. நான்கு கட்சியாரும் சட்டியைக் கழுவும்போது கூர்ந்து கவனித்தேன். நால்வருமே முதலில் கெட்டிலைத் தட்டிவிட்டுச் சுடுதண்ணீரைச் சட்டியில் ஊற்றுகிறார்கள். அதன் பிறகுதான் அவரவர் கொள்கை. வெள்ளை வளையம் அங்கேயே பாதி போய்விடுகிறது. பாராட்டு மட்டும் கொள்கைக்குப் போகிறது. வெறும் சுடுதண்ணீரை மட்டும் வைத்து ஒப்பாய்வு செய்ய இதுவரை யாரும் முன்வரவில்லை. மூன்று மாதம் நொதி காத்தவரிடம் போய் அதை யார் சொல்வது?

நானே செய்தேன். ரிங்லெட்டில் அத்தை வீட்டுச் சட்டி. இரண்டு கெட்டில் சுடுதண்ணீர், தேங்காய் நார், வேறொன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டு, முடிவுகளை விளக்கினேன். கொழுப்பின் உருகுநிலையையும் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சட்டியை நிமிர்த்தி விளிம்பில் ஒரு விரலை ஓட்டினார்.

"எல்லாஞ் சரி தம்பி. இன்னும் வழவழன்னு இருக்குலா. அந்தக் கொட்டைத் தண்ணியக் கொஞ்சம் ஊத்தி இன்னொரு வாட்டி தேயி."