தீக்குச்சிக்கு ரசீது வாங்குவது எப்படி?

டெல்லி அரசுப் பள்ளியில் அறிவியலோ கணக்கோ எடுக்கிறீர்களா? பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டதா? பதற வேண்டாம், பணம் இருக்கிறது. அதைச் செலவழிக்கும் வித்தைதான் கைவர வேண்டும்.

எவ்வளவு பணம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2001-ல் சர்வ சிக்ஷா அபியான் என்ற மத்திய அரசுக் கல்வித் திட்டம் வந்தபோது, கற்பித்தல் கருவிகளுக்கென்று ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வைத்தார்கள். வேலை நாள் 220, வகுப்பில் 40 பேர் என்று பிள்ளைகளிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். தலைக்கு நாளொன்றுக்கு ஆறு பைசாகூடத் தேறாது. கருவியே இல்லாமல் ஒரு செய்முறைக் கணக்கு முடிந்தது. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷாவில் பள்ளிக்கே மொத்தமாக மானியம், பெரிய பள்ளி என்றால் ஒரு லட்சம் வரை. அதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போயாக வேண்டும். மீதியில் கரண்ட் பில், தண்ணீர், ரிப்பேர் எல்லாம் போய், வரிசையின் கடைசியில் நீங்கள் நிற்பீர்கள். நில்லுங்கள்.

அடுத்தது சோதனையைத் தேர்ந்தெடுப்பது. புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். மலிவான சோதனையைப் பிடித்துக்கொள்வார்கள். அரவிந்த் குப்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்பூர் ஐஐடியில் படித்த இன்ஜினியர், 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர். சைக்கிள் வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகச் சொன்னார். மூன்று குச்சியைச் சேர்த்தால் முக்கோணம். எந்தப் பக்கம் அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியைச் சேர்த்தால் சதுரம். விரல் பட்டதும் சாய்ந்து நெளியும். குறுக்கே ஒரு கம்பி கொடுத்தால் நிமிர்ந்துவிடும். பாலங்களில் ஏன் அத்தனை முக்கோணம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே சொல்லிவிடும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்களுக்கு என்ன கொடுப்பார்கள்? ஆடிட் அப்ஜெக்‌ஷன். டியூப் விற்ற சைக்கிள் கடைக்காரரிடம் ஜிஎஸ்டி எண் கிடையாது.

பிள்ளைகளை ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடத்துக்கு அழைத்துப் போகும் யோசனை இதைவிட ஆபத்து. மன்னர் ஜெய்சிங் அங்கே கட்டிய சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்தின் சாய்வு டெல்லியின் அட்சரேகைக்குச் சமம், ஏறத்தாழ இருபத்தெட்டரை டிகிரி. கயிறும் கோணமானியும் போதும். நிழல் நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். 15 வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணமும் இல்லை. பஸ் காசு தவிரச் செலவே இல்லாத திட்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? செலவு இல்லையென்றால் பணம் மிஞ்சும். மிஞ்சினால் திரும்பிப் போகும். திரும்பிப் போனால், அடுத்த வருஷம் உங்களுக்குத் தேவையே இல்லை என்று அர்த்தம்.

ஆகவே பெட்டியாக வருவதை வாங்குங்கள். சாந்தினி சௌக் பக்கம் பகீரத் பேலஸில் பல்பும் ஒயரும் கிடைக்கும், லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் மோட்டாரும் சென்சாரும். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல், “மேடம்ஜி, கச்சா பில்லா, பக்கா பில்லா?” என்பார். கச்சா என்றால் வெறும் துண்டுச் சீட்டு; பக்கா, அதாவது ஜிஎஸ்டி ரசீது, என்றதும் விலை ஏறும். ஏறட்டும். மலிவாக வாங்கியவரை யாரும் பாராட்டியதில்லை; ரசீது வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

இனி ஸ்டாக் ரெஜிஸ்டர். பன்னிரண்டு லென்ஸ் என்று எழுதிய நொடியிலிருந்து அவை அறிவியல் அல்ல, அரசுச் சொத்து. பிள்ளை கையில் கொடுத்தால் ஒன்று கீழே விழும். விழுந்தால் அது உடைந்ததற்கு விளக்கக் கடிதம், கழிப்பதற்குக் கமிட்டி. 1987-ல் கரும்பலகைத் திட்டம் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டியும் கணக்குப் பெட்டியும் அனுப்பியது. பல ஊர்களில் அவை பூட்டியபடியே பத்திரமாக இருந்தன. ஆசிரியர்களைத் திட்டித் தீர்த்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் ரெஜிஸ்டரைச் சரியாகப் படித்தவர்கள். சாக்பீஸைத் தேய்த்துத் தீர்த்தால் நுகர்பொருள், லென்ஸை உடைத்தால் குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செய்முறைக் கல்வி நடக்க வேண்டும்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கும் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளை அனுப்பி வையுங்கள். தேர்வானால் மாடல் செய்ய 10,000 ரூபாய் நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்புக்கில் இன்னொன்று என்றிருந்தால் அலைவது உங்கள் பொறுப்பு. பணம் வந்த தகவல் முதலில் அப்பாவின் போனுக்குத்தான் போகும். அன்று மாலையே வீட்டுக்குப் பேசிவிடுங்கள்.

மார்ச் மாதம் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். அது பணம் செலவாகிவிட்டது என்று சொல்லும் யுடிலைசேஷன் சர்டிஃபிகேட் மாதம். 31-ஆம் தேதிக்குள் கையெழுத்து, சீல், ஒரு போட்டோ. போட்டோவில் பிள்ளைகள் லென்ஸை உயர்த்திப் பிடித்திருக்கட்டும், பேனர் முழுசாகத் தெரியட்டும். எடுத்து முடித்ததும் லென்ஸை எண்ணி வாங்குங்கள்.

இடமாற்ற ஆர்டர் வந்தால் பன்னிரண்டையும் ஒப்படைத்தால்தான் உங்களை விடுவிப்பார்கள். பதினொன்றுதான் இருக்கிறதா? பகீரத் பேலஸ் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். சனிக்கிழமையே போய்ச் சொந்தக் காசில் ஒன்று வாங்கி வையுங்கள். அதற்கு மட்டும் கச்சா பில் போதும்.