அலைக்கு ஏது பட்டா?

கே: கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'தனிக் கடற்கரையுடன்' வில்லா விற்கிறார்களே, வாங்கலாமா?

ப: வீட்டுக்குப் பட்டா கிடைக்கும், அலைக்கு எந்தத் தாசில்தார் தருவார்? அலை ஏறி இறங்கும் மணல் நம் நாட்டில் பொதுச் சொத்து. விளம்பரம் விற்பது கடற்கரையை அல்ல, பின்பக்கக் கேட்டிலிருந்து மணலுக்கு இறங்கும் நடைபாதையை. அந்தக் கேட்டுக்கு வெளியே படகை ஏற்றி நிறுத்தவும் வலையைக் காயப்போடவும் மீனவர்களுக்கு உங்களுக்கு முன்பிருந்தே உரிமை உண்டு. அவர்களை விரட்டித்தான் அந்த இடம் 'தனி' ஆகுமென்றால், அது வாங்கத் தகாத வீடு.

'பத்திரம், கட்டட அனுமதி, வங்கிக் கடன் எல்லாம் சரியாக இருக்கிறதே' என்பீர்கள். கொச்சி மரடில் காயலோர அடுக்ககங்களுக்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் நான்கு குடியிருப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நம்பி வாங்கியவர்கள் வீடிழந்தார்கள். ஆகவே முன்பணம் கொடுக்குமுன், உயர் அலைக் கோட்டிலிருந்து மனை எத்தனை மீட்டர், ஒழுங்குமுறை மண்டலத்தில் எந்த வகை, அதற்கான அனுமதி எங்கே என்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. நெருக்கம் மிகுந்த ஊரகக் கரையில் 50 மீட்டர். இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.