மாலை என்னும் அளவுகோல்: சிலைச் சாத்திரத்துக்கு ஒரு பின்னிணைப்பு

சிற்ப சாத்திரம் உருவத்தை முகத்தால் அளக்கிறது. ஒரு முக நீளம் ஒரு தாளம். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாளம். அங்கிருந்து படிப்படியாக இறங்கிப் பிள்ளையாருக்கு ஐந்து. வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரையும் சொத்தையும் விட்டவர்களுக்கு எத்தனை தாளம் என்று பழைய ஏடுகள் சொல்லவில்லை. அந்தக் குறையை நம் தெருமுனைகள் தீர்த்துவைத்தன. புதிய சாத்திரத்தின் அளவுகோல் முகம் அல்ல, மாலை.

கல்மண்டபத்தில் டி.எச். ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இதை யோசிக்க நேரம் தாராளம். கன்டெய்னர் லாரிகள் அதற்கு உத்தரவாதம். அங்கிருந்து தெற்கே ராஜாஜி சாலையில், துறைமுகத்தை ஒட்டி வ.உ.சி.க்குச் சிலை உண்டு. செப்டம்பர் 5 பிறந்தநாள். அன்று ஏணி வரும், மாலை வரும், கேமரா வரும். மீதி 364 நாளும் உப்புக்காற்று வரும். ஆனால் சிலை என்பது அந்த ஒரு நாளுக்காக வடிக்கப்படுவது.

ஆகவே விதிகள்: பீடம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கவேண்டும்; இல்லையேல் ஏணிக்கு வேலையில்லை. தோள் அகன்றிருக்கவேண்டும், இல்லையேல் மாலை நழுவும். நீட்டிய விரல் அனுமதிக்கப்படும். ஆகமத்தில் இதற்குச் சூசி முத்திரை என்று பெயரே இருக்கிறது. மாலை விழுந்தபின் வெளியே தெரிவது தலைப்பாகையும் மீசையும்தான் என்பதால், சிற்பி தன் திறமையை அங்கேயே செலவிடுவது சிக்கனம். திருவாசி இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கூண்டு. நாட்டை விடுவித்தவரைக் கம்பிக்குள் வைப்பது முரண் என்பார்கள். சிறை அவர்களுக்குப் புதிதல்ல என்பது நம் பதில்.

முகமே தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்டவர்கள் புகைப்படம் எடுத்து வைக்கவில்லை. அந்தக் கருவி அப்போது பிறக்கவேயில்லை. இந்தச் சிக்கலை 1959-ல் சினிமா தீர்த்தது. அதன்பின் கட்டபொம்மன் என்றால் எல்லார் மனத்திலும் ஒரே முகம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரரான சிவாஜி கணேசன், கயத்தாறில் தாமே நிலம் வாங்கி 1970-ல் கட்டபொம்மனுக்குச் சிலையும் வைத்தார். அவருக்கே மெரினாவில் 2006-ல் வைத்த சிலையை, போக்குவரத்துக்கு இடையூறு என்று 2017-ல் பெயர்த்து எடுத்தோம். கும்பினியை மறித்தவனுக்குக் கிடைத்த இடம், காமராசர் சாலையை மறித்தவருக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பையும் ஒப்பிடுவது ஆய்வு நேர்மை. தாமஸ் மன்றோ 1839 முதல் அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மாலை தொல்லை இல்லை. வெண்கலம் நன்றாகவே இருக்கிறது. சிப்பாய்க் கிளர்ச்சியை ஒடுக்கி, மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்ற கர்னல் நீலுக்கு 1927-ல் வேறு வகை மரியாதை நடந்தது: தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளோடு சிறை புகுந்தார். 1937-ல் ராஜாஜி அரசு நீலை இறக்கியது. நம் நாட்டில் சிலையைக் கலைப்பொருளாக மதித்துக் கிட்டப்போய்ப் பார்த்த கடைசிக் கூட்டம் அந்தச் சுத்தியல் தொண்டர்களாக இருக்கலாம்.

இனி சாத்திரத்தின் கடினமான இடம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்றார். பிறகு அது குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. பிறகு சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று வீடு மாறிப் பிழைப்புத் தேடினார். இவ்வளவில் எதைச் சிலையில் காட்டுவது? செக்கிழுப்பவன் குனியவேண்டும். குனிந்த கழுத்தில் மாலை நிற்காது. ஆகவே பெரும்பாலும் அவர் கோட்டணிந்து நிமிர்ந்து, சிறைக்குப் போவதற்கு முந்தைய நாள் மாதிரியே நிற்கிறார்.

குனிந்த உடல்களை வெண்கலத்தில் வார்க்க முடியாது என்பதில்லை. மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் இருக்கிறது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள், தசை முறுக்கேறியிருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் இதே சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆனால் அந்த நால்வருக்கும் பெயரில்லை, பிறந்தநாள் இல்லை. சாத்திரப்படி அது விதிவிலக்கு, முன்மாதிரி அல்ல.

கடைசியாகக் கல்வெட்டு. சிலையின் மிகத் துல்லியமான பகுதி அதுவே. எழுத்துப் பிழைக்கு உடனே ஆள் வரும். அடுத்த சிலைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் எல்லாரும் அமர்ந்தபின் பலகையில் இரண்டு அங்குலம் மிஞ்சினால், ‘காலியா’, ‘லாவோ’ என்ற வ.உ.சி.யின் இரண்டு கப்பல் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்.